கையா, கியரா?

கியர் டைட்டாக இருக்கிறது என்று யாராவது வந்து நின்றால் உடனே சாவியைக் கேட்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பேச விடுங்கள். சாவி எங்கேயும் ஓடிப்போகாது.

நான் திருவொற்றியூரில் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில், பழுதுக்கு வரும் வண்டியை வாங்கிக்கொள்ளும் மேஜையில் இருந்து ஓய்வு பெற்றவள். வருகிறவர் சொல்லும் குறையைக் கேட்பது, அதை மெக்கானிக்குக்குப் புரியும்படி சொல்வது, வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது, இதுதான் என் வேலை. அதே மாதிரி மேஜைகளுக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். கையில் டேப்லெட், பக்கத்தில் வண்டியின் குறையைப் படிக்கிற ஸ்கேனர். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஸ்கேனருக்குக் காது கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. ஏசி வரவில்லை என்றால் வரவில்லை. அதில் தகராறு இல்லை. கியர் அப்படியல்ல. கியர் புகாரில் பாதி வண்டிக்குள் இருக்கும், மீதி ஓட்டுகிறவர் உடம்பில் இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தால் வண்டியும் கெடும், மனுஷரும் கெடுவார்.

ஒரு தடவை ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் கழித்து, ரிவர்ஸே விழவில்லை, கியர் பெட்டி போய்விட்டது என்று ஒருவர் அழாத குறையாக வந்தார். எங்கள் சீனியர் மெக்கானிக் அன்வர் கியர் தண்டின் அடியில் இருக்கும் தோல் உறையைத் தூக்கிப் பார்த்தான். பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் உள்ளே உருண்டு விழுந்து, காய்ந்து, கல்லாகக் கிடந்தது. "அக்கா, சாமி பின்னால போவாதன்னு சொல்லிக்கீது, இவருதான் கேக்க மாட்டன்றாரு" என்றான். வந்தவரும் சிரித்துவிட்டார். எல்லாக் கியர் புகாரும் எலுமிச்சம்பழமாக இருந்தால் நமக்கு வேலை எவ்வளவு சுலபம்!

லோகேஸ்வரியின் புகார் அப்படி இல்லை.

அவள் காலடிப்பேட்டைக்காரி. எல்லாரும் லோகு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு சின்ன கார் வைத்து, விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும் பெண்களை எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்பமுடியாது. இருட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கவும் அந்தப் பெண்களுக்குப் பயம். லோகுவின் வண்டி என்றால் வீட்டில் நிம்மதியாக அனுப்புவார்கள். வருஷக்கணக்காக எங்களிடம்தான் சர்வீஸ். வந்தால் வாய் ஓயாது. அன்வரை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டாள்.

நடுவில் பல மாதங்கள் அவளைக் காணோம். வேறு எங்கேயாவது சர்வீஸ் விடுகிறாள் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மார்கழி மாதம், ஒரு புதன்கிழமை மதியம் வண்டி வந்தது. ஓட்டி வந்தது அவள் வீட்டுக்காரர் சேகர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிற மனிதர், ஆள் வாட்டசாட்டம். லோகு பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், பேசவில்லை. அதுவே எனக்குப் பகீர் என்றது.

சேகர்தான் பேசினார். "மேடம், வண்டிய வித்துடலாம்னு கீறோம். வெள்ளிக்கெழம காலைல ஆளு வந்து எடுத்துகினு போறான். பேசி முடிச்சாச்சு. கியரு கொஞ்சம் டைட்டா கீதுன்னு இவ சொல்றா. எனக்கு ஒண்ணும் தெரில. நாளபின்ன எடுக்கறவன் வந்து பேஜாரு பண்ணக்கூடாது பாரு, அத்தொட்டு ஒரு பார்வ பாத்துக் குடுத்துடு."

"ஏன் குடுக்கறீங்க? வண்டி நல்லாத்தானே ஓடிச்சு?" என்றேன்.

அவர் லோகுவைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி நின்றாள். "தோ, டீ சாப்ட்டு வரேன்" என்று அவர் வெளியே போய்விட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.

"அக்கா, கியரு டைட்டுன்னு அவருகிட்ட சும்மா சொன்னேன். வண்டில ஒண்ணும் கெடையாது. என் கைதான் போச்சு."

போன வருஷம் இடது மார்பில் கட்டி. ஆபரேஷன் பண்ணியிருக்கிறார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மருந்து, கதிர் வைத்தியம், எல்லாம். முடிந்தது, இனி பயமில்லை, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் விரல்களை ஊரவைத்து மேலே ஏற்ற வேண்டும். காலையில் கை மரத்த மாதிரி இருக்கும், ஆட்டி அசைக்க அசைக்க இளகும்.

"டாக்டரு ஓட்டுன்னாரு. நானும் ஆசயா போயி குந்தினேன். ஃபர்ஸ்ட்டு போட்டா செகண்டு வுழல அக்கா. இஸ்து இஸ்துப் பாக்கறேன், தோள்பட்டைலேந்து விண்ணுன்னு தெறிக்குது. காலைல அப்பிடி. தெருவத் தாண்டி, மெயின் ரோட்ல கொஞ்ச தூரம் போனா கை இளகிடுது, கியரும் வுழுது. மறுநாள் காலைல மறுபடி அதே கத. ஒரு நாளு பின்னால ட்ரெய்லரு வந்து ஆரன் அட்ச்சிகினே கீறான், எனக்கு வண்டி நடுரோட்ல நிக்குது. பின்னால நாலு பொண்ணுங்க. அத்தோட வெச்சிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நோவு போச்சுன்னாங்க. போறப்ப கையயும் இட்டுகினு போயிட்ச்சு."

எங்கள் நிலையத்து ஆண்கள் யாரிடமும் அவள் இந்த நோயைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் 'கை வலி' என்று மட்டும்தான் தெரியும். அந்த வண்டி அவளுக்கு வெறும் பிழைப்பு இல்லை. வண்டி ஓட்டும்போதுதான் லோகு லோகுவாக இருப்பாள். அதை வெள்ளிக்கிழமை ஒருவன் வந்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறான்.

அன்வர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். ஸ்கேனரும் மாட்டினான். எதிலும் ஒன்றும் இல்லை. "கொஞ்சம் டைட்டு, அவ்ளோதான் அக்கா. ரொம்ப நாளு நின்ன வண்டி, அப்பிடித்தான் இருக்கும். நல்லாத்தான் கீது" என்றான். நானும் ஓட்டினேன். அவன் சொன்னது பொய்யில்லை. செகண்டு விழுந்தது. இத்தனை வருஷம் கியர் போட்ட கைக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

இங்கேதான் என் ஃபோர்மேன் வந்து காதைத் திருகினார். நேரில் இல்லை, ஞாபகத்தில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்குத் தலைவலியாக இருந்த மனிதர் அவர். பெயரைப் போட்டால் 'உன்ன எவன் எழுதச் சொன்னது' என்று சண்டைக்கு வருவார், அதனால் விட்டுவிடுகிறேன். யாராவது 'சத்தம் வருகிறது' என்று வண்டி விட்டுப் போய், நாங்கள் ஓட்டிப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதினால் கத்துவார்: "பொகாரு எந்த நேரத்துல பொறந்துதோ அந்த நேரத்துல போயிப் பாருங்கடா! பேய்க்கே நேரம் காலம் கீது, வண்டிக்கு இருக்காதா?"

லோகுவின் புகார் விடியற்காலையில் பிறந்தது. நாங்கள் பார்த்ததோ மதியம், காலடிப்பேட்டையிலிருந்து ஓடிவந்து சூடாகி நின்ற வண்டியை.

டீ குடித்துவிட்டு வந்த சேகரிடம், வண்டி இன்று இங்கேயே இருக்கட்டும் என்றேன். முகம் சுருங்கியது. "வெள்ளிக்கெழம ஆளு வரான் மேடம்." "வெள்ளிக்கிழமைதானே? நாளைக்கு வியாழன்" என்றேன். என் குரலில் கொஞ்சம் காரம் ஏறியிருக்க வேண்டும், அவர் லோகுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில், வேலை தொடங்கும் முன்பே போய்விட்டேன். கடல் காற்று சில்லென்று அடித்தது. வண்டியில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்து, ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு இழுத்தேன். ஆறிப்போன கேழ்வரகுக் களியில் கரண்டியை விட்டு இழுத்த மாதிரி இருந்தது. வரவே மாட்டேன் என்றது. தம் பிடித்து இழுத்துப் போட்டேன். ஆபரேஷன் எதுவும் ஆகாத என் தோள்பட்டையே வலித்தது.

உடனே போனை எடுத்து, 'அடியே, உன் கையில ஒண்ணும் இல்ல, வண்டிலதான்டி' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வண்டி டைட்டாக இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. கை நன்றாக இருக்கிறது என்பது தெரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. வண்டியும் கெட்டு, கையும் கெட்டிருந்தால்? நான் ஆசைப்பட்டு நல்ல வார்த்தை சொல்லி, அவள் அதை நம்பி நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே போய், அங்கே கை ஓய்ந்துபோனால்? அந்த ரோட்டை உங்களுக்குத் தெரியும். மன்னிப்பு கேட்க அங்கே நேரம் கிடையாது. நல்ல சேதி சொல்ல யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆசைப்பட்டதை எல்லாம் உண்மை என்று சொல்லிவிட முடியாதே.

சிக்கல் என்னவென்றால், காலையில் கையும் மரத்திருக்கும், கியரும் மரத்திருக்கும். போகப் போக இரண்டும் சேர்ந்தே இளகும். அதனால்தான் வீட்டில் எல்லாரும், ஏன் அவளேகூட, கைதான் என்று நம்பினார்கள். ஜோடியாகத் திரிகிற இரண்டு பேரில் யார் திருடன் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. இரண்டு பேரையும் பிரித்துத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

போன் செய்தேன். "லோகு, வூட்டு வேல எல்லாம் முடிச்சியா? சுவத்துல விரல் ஏத்தற பயிற்சி செஞ்சியா? நல்லா செய். கைய நல்லா சூடு பண்ணிகினு ஆட்டோ புடிச்சி வா. வர்ற வழியிலயும் கைய சும்மா வெக்காத."

"இன்னாக்கா, கைய வெச்சி மாவாட்டப் போறியா?" என்றாள். பழைய லோகுவின் குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

வந்தாள். கையைச் சுழற்றிக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வண்டி இரவெல்லாம் நின்ற இடத்திலேயே குளிர்ந்து நின்றது. "குந்து, செகண்டு போடு" என்றேன். உட்கார்ந்தாள். இழுத்தாள். விழவில்லை. இன்னொரு முறை. முகம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா அக்கா? கை சூடா கீறப்பவே வுழல. அவ்ளோதான், முட்ஞ்சிபோச்சு."

"இரு. வாய மூடு. இன்னும் முடியல."

நான் திட்டினால் அவளுக்குக் கோபம் வராது, அது ஒரு சௌகரியம். அவளை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு விரலைக்கூட அசைக்கக்கூடாது என்றேன். டீ வந்தது, வலது கையால் குடித்தாள். அன்வரை வண்டி எடுத்துக்கொண்டு கத்திவாக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொன்னேன். "ஏன் அக்கா, மீனு வாங்கணுமா?" என்றான். "வண்டிய நல்லா சூடு பண்ணிகினு வா, மீன் அப்பால பாத்துக்கலாம்" என்றேன்.

அவன் வருகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பேசினால் கை ஆடும், லோகுவுக்குக் கை ஆட்டாமல் பேச வராது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்து நின்றது. லோகு எழுந்தாள். அவள் கை மரத்து, கட்டை மாதிரி இருந்தது. தூக்கும்போதே முகத்தைச் சுளித்தாள். உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, ஃபர்ஸ்ட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு செகண்டுக்கு இழுத்தாள்.

விழுந்தது.

கண்ணைத் திறந்து கியரைப் பார்த்தாள். மறுபடி நியூட்ரல், ஃபர்ஸ்ட், செகண்டு. மறுபடியும். மரத்த கையால், ஒரு முனகல்கூட இல்லாமல். நான் கதவருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "கை சூடா இருந்து வண்டி ஆறியிருந்தப்போ வுழல. கை ஆறி வண்டி சூடா இருக்கறப்போ வுழுது. இப்ப சொல்லு, யாருக்கு நோவு?"

அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. அப்புறம் ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அழுகையும் சிரிப்புமாக, "அடப்பாவி வண்டி! இத்தினி நாளா என்ன டபாய்ச்சிகினு இருந்திருக்கியே!" என்று ஸ்டீரிங்கை நாலு தட்டு தட்டினாள். ஹாரன் அலறியதில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்வர் வண்டியை மேலே ஏற்றி, கியர் பெட்டியின் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினான். அவ்வளவு தூரம் ஓடிவந்த பிறகும் ஆயில் வெல்லப்பாகு மாதிரி நூலாக இறங்கியது. விரலில் தொட்டுப் பார்த்தான். "யா அல்லா! அக்கா, இது லாரிக்கு ஊத்தற நூத்திநாப்பது நம்பரு ஆயிலு! இத்த எவன் இதுல ஊத்தினான்?"

நம் பக்கத்தில் வேலை பார்க்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுக ரோட்டை ஒட்டி வளர்ந்த மெக்கானிக்குகள் முக்கால்வாசிப் பேர் லாரியில் கை பழகியவர்கள். கியர் பெட்டி முனகினால் கட்டி ஆயிலை ஊற்று, சத்தம் அடங்கிவிடும் என்பது அவர்கள் வைத்தியம். பழைய லாரிக்கு அது சரி. சின்ன கார் கியர் பெட்டி தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயிலுக்குப் பிறந்தது. அதில் இதை ஊற்றினால் சத்தம் அடங்கும், கூடவே கியரும் அடங்கும். மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம்.

யார் ஊற்றியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. லோகுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சேகர் மதியம் வந்தார். வண்டிக்கு அடியில் தட்டில் நின்ற ஆயிலைப் பார்த்தார். அன்வர் விஷயத்தைச் சொன்னான், யார் மேலும் பழி போடாமல். சேகர் அப்படியே நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மாதிரி நின்றது.

"நான்தான்" என்றார்.

லோகு ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளைப் பார்க்கப் போக இந்த வண்டியைத்தான் ஓட்டியிருக்கிறார். கியர் பெட்டியில் லேசாக ஒரு முனகல். தன் ட்ரெய்லர் நிற்கும் யார்டில், தனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொடுத்து ஆயில் மாற்றியிருக்கிறார். "இவ திரும்பி வரப்போ வண்டில ஒரு சத்தம் இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன் மேடம். ஷோக்கா இருக்கணும்னு நெனச்சேன். எனக்கு டைட்டு தெரில. என் ட்ரெய்லரு கியரு இத்தவிட கஷ்டம். இவ கை வலின்னு அழறப்போ..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல் இருந்தது. வைத்திருந்தேன், நாக்கு நுனியில் நல்லதாகவே நாலு வைத்திருந்தேன். ஆனால் பேச வேண்டியது நான் இல்லை. சில நேரங்களில் நம் வேலை ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்பது. நகர்ந்தேன்.

லோகு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "யோவ்" என்றாள். "எனக்கு மருந்து ஏத்தனாங்கன்னு வண்டிக்கும் ஏத்திட்டியா நீ?"

துண்டுக்குள்ளிருந்து அவர் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, தோள் குலுங்கியது. அன்வர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். கியர் பெட்டி வேலைக்கு பானெட்டுக்குள் அழ வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் நான் கேட்கவில்லை.

பழைய ஆயிலை முழுக்க இறக்கிக் கழுவி, வண்டிக்கு உரிய ஆயிலை ஊற்றினோம். கியர் கேபிளின் முனை கடல் காற்றில் துருப்பிடித்திருந்தது, மாற்றினோம். சேகர் லாரிப் பழக்கத்தில் எந்நேரமும் கையைக் கியர் தலையிலேயே வைத்து அழுத்தி ஓட்டியதில் அடியில் இருந்த புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். கிளட்ச் சரியாக விடுகிறதா என்று பார்த்தோம். கியர் தலையில் அவர் ஒரு கண்ணாடிக் குமிழ் மாட்டியிருந்தார், உள்ளே ரோஜாப்பூ வைத்தது, லாரிகளில் பார்த்திருப்பீர்கள். "இத்த கழட்டிடலாமா?" என்றான் அன்வர். லோகு ஒரு முறை உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தாள். "அது இன்னா பாவம் பண்ணிச்சு, இருக்கட்டும்" என்றாள். உண்மையில் கொஞ்சம் கனமான குமிழ் கியருக்கு நல்லதுதான், கையோடு சேர்ந்து அதுவும் தள்ளும்.

இவ்வளவும் செய்துவிட்டு, அன்று மாலையே ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. புகார் விடியற்காலையில் பிறந்தது என்றால், அது செத்ததா என்பதையும் விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும். வண்டியை மறுபடி ஒரு ராத்திரி நிறுத்தினேன். சேகரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "காலைல அந்த ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடணும்." சரி என்றார். ஆனால் விற்பதில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஒருமுறை மனைவியைப் பறிகொடுக்க இருந்த மனிதர், மறுபடி அவளை ட்ரெய்லர்களுக்கு நடுவில் அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியல். பனி லேசாக இறங்கியிருந்தது. லோகு கையை எந்தப் பயிற்சியும் செய்யாமல் வந்தாள், நான்தான் அப்படி வரச் சொல்லியிருந்தேன். கையும் ஆறியது, வண்டியும் ஆறியது. அவள் ஸ்டீரிங்கில், நான் பக்கத்தில், சேகர் பின்னால். உண்மையைச் சொல்கிறேன், என் வலது கை ஹேண்ட்பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஸ்டார்ட் செய்தாள். ஃபர்ஸ்ட். வண்டி வாசலைத் தாண்டியது. செகண்டு போடும் முன் தோளை இறுக்கிக்கொண்டாள், வலி வரப்போகிறது என்று உடம்புக்குப் பழகியிருந்தது. கியர் சும்மா போய் உட்கார்ந்தது. அவ்வளவு பலம் தேவைப்படாததால் கை கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. "அய்ய" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் கன்டெய்னர் வரிசை ஆரம்பித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ட்ரெய்லர்கள். நாங்கள் ஓரமாக ஊர்ந்தோம். ஃபர்ஸ்ட், செகண்டு, நிறுத்து, மறுபடி ஃபர்ஸ்ட். பின்னால் சேகர் மூச்சு விடுவதே கேட்கவில்லை. ஒரு ட்ரெய்லர்காரன் பின்னால் ஹாரன் அடித்தான். லோகு கண்ணாடியில் பார்த்து, "இரு நைனா, பறக்கவா முடியும்?" என்றாள்.

அப்புறம் பேச ஆரம்பித்தாள். முதலில் அந்த ட்ரெய்லர்காரனைப் பற்றி. அடுத்து சேகர் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் இட்லி கெட்டியாக இருக்கிறது என்று சண்டை போட்டதைப் பற்றி. ஷிஃப்டுப் பெண்களில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது, இன்னொருத்தி தினமும் லேட்டாக வருவது. பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஜாப்பூ முன்னே போயிற்று, பின்னே வந்தது. அவள் ஒரு முறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கியர் நன்றாக இருக்கிறது என்பதற்கு என்ன அடையாளம் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். இதுதான். ஓட்டுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோக வேண்டும். நான் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் கண்ணும் கலங்கியிருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது சேகரின் போன் அடித்தது. வண்டி எடுக்க வந்தவன். வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு கத்துவது எனக்கே கேட்டது. லோகு பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். முன்னால் வரிசை நகர்ந்தது. அவள் ஃபர்ஸ்ட் போட்டு, செகண்டுக்கு மாற்றினாள். சேகர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னார்:

"கோச்சிக்காத நைனா. வண்டி குடுக்கறதா இல்ல. ஓட்டறவ திரும்பி வந்துட்டா."